கீழடிப் பகடையை யார் உருட்டுவது?

அருங்காட்சியகத்துக்கு ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமா ஏ.ஆர்., தேவையான்னு கேட்டா, எந்தப் பொருளுக்குன்னு நான் திருப்பிக் கேட்பேன்.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2015-ல் 'ஸ்கின் அண்ட் போன்ஸ்' என்று ஒரு செயலி வெளியிட்டது. எலும்புக்கூட்டுக்கு நேரே மொபைலைப் பிடித்தால் அதன்மேல் சதையும் தோலும் ஏறி விலங்கு அசையும். 'இது உயிரோட எப்படி இருந்திருக்கும்?' என்பதுதான் எலும்பைப் பார்க்கிறவருக்கு வரும் முதல் கேள்வி. செயலி அதற்குத்தான் பதில் சொல்கிறது. பார்த்து முடித்ததும் கண் மறுபடி எலும்புக்கே போகும்.

டெட்ராய்ட் கலை அருங்காட்சியகத்தின் 'லூமின்' (2017) இன்னும் பெரிய முயற்சி. மம்மிக்குள் இருக்கும் எலும்பையே காட்டியது. ஆனால் கூகுளின் டேங்கோவை நம்பிக் கட்டியது. 2018 மார்ச்சில் கூகுள் டேங்கோவை மூடிவிட்டது. பானை ஓடு ரெண்டாயிரம் வருஷம் தாங்குது, நம்ம மென்பொருள் ரெண்டு வருஷத்துக்கே மூச்சு வாங்குது!

இனி கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் தொடுதிரை, அசைவூட்டக் காட்சி எல்லாம் உண்டு. விளையாட்டாகக் கதை சொல்ல அங்கே பொருளுக்கும் பஞ்சமில்லை. தந்தப் பகடை, ஆட்டக்காய்கள், சுடுமண் வட்டச் சில்லுகள். எங்க கான்சாபுரத்துல பாண்டி ஆடின எந்தப் பிள்ளைக்கும் சில்லு என்னன்னு யாரும் விளக்க வேண்டாம். அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் மொபைலில் ஒரு காளை துள்ளிக் குதித்தால் பிள்ளை காளையைத்தான் பார்க்கும், சில்லைப் பார்க்காது. பகடையை உருட்டவிட்டால் கதையே வேறு.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்குது. அந்தப் பகடையை வைத்து என்ன விதிப்படி ஆடினார்கள் என்று பகடை சொல்லாது. விதியை நாமதான் எழுதணும். கிடைத்தது செங்கல் சுவரின் அடிப்பகுதி. திரையில் வருவதோ கூரையோடு முழுத் தெரு. கீழடியை வைத்து இத்தனை அரசியல் சண்டை நடக்கும்போது, வரைகலைஞர் ஊகித்த கூரையை நாளைக்கு ஒருவர் வாட்ஸாப்பில் 'ஆதாரம்' என்று அனுப்புவார். எதிர்த்தரப்பு அதே கூரையைக் காட்டி மொத்த அகழாய்வையும் கட்டுக்கதை என்பார்கள். கணினி மறுவுருவாக்கத்தில் எது சான்று, எது ஊகம் என்று தெரிய வேண்டும் என 2006-லேயே லண்டன் சாசனம் சொல்லியாச்சு. செய்வதும் கஷ்டமில்லை. கிடைத்த பகுதிக்கு நிறம், ஊகித்த பகுதிக்கு வெறும் கோடு. ஒரு பொத்தானை அழுத்தினால் ஊகம் மறைந்து சுவர் மட்டும் நிற்கணும். பகடை ஆட்டத்துக்கும் அதேதான்: மூணு விதமான விதி கொடுத்து, 'இதுல எது இருந்திருக்கும்?'னு பிள்ளைகளையே வாதாட விடலாம்.

எங்க மாவட்டத்து வெம்பக்கோட்டையிலும் 2022-லிருந்து அகழாய்வில் சங்கு வளையல், ஆட்டக்காய்னு நிறைய வந்திருக்கு. அதுக்கு யாராவது ஏ.ஆர். செய்யப் போனா, அந்தப் பொத்தானை முதல்ல எழுதுங்க. காளையை அப்புறம் பார்த்துக்கலாம்.