பெயர் சொல்லத் தயங்கிய சாசனம்

அமெரிக்க அரசியல் சாசனத்தைப் பற்றிப் பேசுவோரில் ஒரு சாரார் அதனை மக்களாட்சியின் மறை என்றே போற்றுவர். நம்மவருள் சிலரோ, மதீனா உடன்படிக்கையைப் பார்த்தே அமெரிக்கர் தம் சாசனத்தை வரைந்து கொண்டனர் என்று மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். இக்கூற்றுக்கு ஆதாரம் எதனையும் நாம் கண்டதில்லை. அதனை வரைந்தோர் துணைக்கு அழைத்தது பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூவையும், ரோமாபுரியின் வரலாற்றையும், இங்கிலாந்தின் சட்ட மரபையுமே ஆகும். சான்றில்லாப் பெருமை இஸ்லாத்திற்குத் தேவையுமன்று. ஆயினும் அச்சாசனத்திற்கும் முஸ்லிம்களுக்கும் மெய்யான உறவு ஒன்று உண்டு. அதனை அறிய, சாசனத்தின் சொற்களையே சற்று நின்று படிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் பிடியிலிருந்து விடுபட்ட 13 மாநிலங்கள் 1781ஆம் ஆண்டு முதல் ஒரு தளர்ந்த கூட்டமைப்பாக இயங்கி வந்தன. அதன் நடு அவைக்கு வரி விதிக்கும் அதிகாரங்கூட இல்லை. போர்க்கடன் பெருகிற்று; 1786இல் மாசசூசெட்ஸ் உழவர்கள் கடன் வழக்குகளைத் தாளாமல் கிளர்ந்தெழுந்தனர். இந்நிலையிற்றான் 1787 மே மாதம் பிலடெல்ஃபியாவில் மாநாடு கூடிற்று. 55 பேர் கலந்து கொண்டனர். செப்டம்பர் 17ஆம் நாள் 39 பேர் கையொப்பமிட்டனர். கதவுகளை அடைத்துக்கொண்டு நடந்த அவை அது. ஜேம்ஸ் மாடிசன் நாள்தோறும் எழுதி வைத்த குறிப்புகள் அவர் மறைந்தபின் 1840இல் அச்சேறின. அவை இல்லையேல் உள்ளே நடந்தவற்றுள் மிகப் பலவற்றை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

சாசனத்தை ஏற்குமாறு நியூயார்க் மக்களை வேண்டி ஹாமில்டன், மாடிசன், ஜான் ஜே ஆகிய மூவரும் ‘பப்ளியஸ்’ என்னும் ஒரே புனைபெயரில் இதழ்களில் எழுதிய 85 கட்டுரைகளே ‘ஃபெடரலிஸ்ட்’ என வழங்கப்படுகின்றன. அரசியல் உரைநடையில் அவற்றுக்கு நிகரானவை அரியவே. குறிப்பாக 51ஆம் கட்டுரை. மனிதர் மலக்குகளாயின் அரசே வேண்டியதில்லை. ஆள்வோரும் மனிதரே ஆதலால் அவர்களையும் அடக்கி ஆளும் வழி வேண்டும் என்பது அதன் சாரம். நல்லவர் கையில் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு உறங்கலாம் என்று அது கருதவில்லை. சட்டமியற்றுவோர், ஆட்சி புரிவோர், நீதி வழங்குவோர் ஆகிய முத்திறத்தாரின் ஆசைகளையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தி, ஒருவர் எல்லை மீறாமல் மற்றவர் காக்கும்படி செய்கிறது. மனிதன் பலவீனன் என்று மார்க்கம் கற்பித்த நமக்கு இச்சிந்தனை அயலானதாகத் தோன்றவில்லை.

இவ்வளவு தெளிந்த குரல் 54ஆம் கட்டுரைக்கு வரும்போது மாறிவிடுவதைக் கவனிக்க வேண்டும். மக்கள் பிரதிநிதிகளின் எண்ணிக்கையை வகுக்கையில் அடிமைகள் ஐவரை மூவராகக் கணக்கிட வேண்டும் என்ற விதிக்கு அங்கே நியாயம் கூற வேண்டியிருந்தது. அந்த ஐவருக்கும் வாக்கு இல்லை. அவர்களை உடைமையாக வைத்திருந்த மாநிலங்களுக்கே மிகுதியான இடங்கள் கிட்டின. பப்ளியஸ் இதனைத் தம் வாயால் வாதிக்கவில்லை. தென்னாட்டுச் சகோதரர் ஒருவர் இவ்வாறு கூறக்கூடும் என்று ஒரு கற்பனைப் பேச்சாளரை அழைத்து வந்து, அடிமை பாதி மனிதன், பாதி உடைமை என்று அவரைப் பேசச் செய்கிறார். இறுதியில், அவ்வாதம் சில இடங்களில் வலிந்து கூறப்பட்டதுபோல் தோன்றினும் தமக்கு உடன்பாடே என்று ஒதுங்கிக் கொள்கிறார். பிற இடங்களில் நேர்நின்று வாதிட்ட எழுத்தாளர் இங்கு மட்டும் திரைக்குப் பின்னே போவானேன்? உரைநடைக்கும் மனச்சான்று உண்டு போலும்.

சாசனத்திலும் அதே திரையைக் காண்கிறோம். அடிமை என்ற சொல் மூலச் சாசனத்தில் ஓரிடத்திலும் இல்லை. ‘பிற நபர்கள்’ என்றும், ‘அத்தகைய நபர்கள்’ என்றும், வேலை செய்யக் கடமைப்பட்டவர் என்றும் சுற்றி வளைத்தே அது பேசுகிறது. மனிதரை உடைமையாகக் கொள்ளலாம் என்னும் கருத்தைச் சாசனத்தில் ஏற்பது தவறென்று தாம் கூறியதாக மாடிசனே குறித்து வைத்திருக்கிறார். அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர் என்பது வேறு செய்தி! சொல்லை விலக்கினர், பொருளை விலக்கவில்லை. அடிமைத்தனம் என்னும் சொல் சாசனத்தில் முதன்முதலாக ஏறியது 1865இல், அதனை ஒழித்த 13ஆம் திருத்தத்திலேதான்.

1787 ஆகஸ்டு மாதத்தின் இரு நாட்களை இங்கு அருகருகே வைத்துப் பார்ப்போம். 25ஆம் நாள், அடிமை இறக்குமதியைத் தடுக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு 1800இலிருந்து கிடைக்கலாம் என்றிருந்த விதியை 1808 என மாற்றுமாறு தென் கரோலினாவின் ஜெனரல் பிங்க்னி வேண்டினார். நேரக்கூடிய தீமை யாவும் நேர்வதற்கு இருபதாண்டு போதும் என்று மாடிசன் மறுத்தார். ஏழு மாநிலங்கள் ஆதரிக்க, நான்கு எதிர்க்க, திருத்தம் நிறைவேறியது. சாசனத்தை எவ்வாறு திருத்தலாம் என்று கூறும் விதியிலும், 1808க்கு முன் இப்பகுதியைத் தொடலாகாது என்று பூட்டுப் போட்டனர். இத்தகைய பூட்டுப் பெற்ற விதிகள் மிகச் சிலவே.

ஐந்து நாள் கழித்து, 30ஆம் தேதி, அதே தென் கரோலினாவைச் சேர்ந்த, ஜெனரலின் உறவினரான சார்ல்ஸ் பிங்க்னி வேறொரு வாசகத்தை முன்மொழிந்தார். அரசுப் பதவிக்கு மதச் சோதனை எதுவும் கூடாது என்பது அது. இங்கிலாந்தில் அரசுத் திருச்சபையைச் சாராதவர் பதவி ஏற்க முடியாதிருந்த காலம் அது. உலக வரலாற்றில் உயர்ந்த வாசகங்களுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். அவ்வாசகம் அடங்கிய முழு விதியை எதிர்த்து வாக்களித்த மாநிலம் வட கரோலினா.

அம்மாநிலத்தின் ஒப்புதல் மாநாடு 1788 ஜூலையில் ஹில்ஸ்பரோவில் கூடியபோது இவ்வாசகம் பெரும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. மதச் சோதனை இல்லையேல் முகம்மதியர் பதவிக்கு வந்துவிடலாமே என்று சிலர் அஞ்சினர். நானூறு ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரு முகம்மதியர் அதிபராகவும் கூடுமே என்று ஒருவர் கவலைப்பட்டார். ஜேம்ஸ் ஐரடெல் இதற்கு விடையளித்தார்: எவரையேனும் விலக்கத் தொடங்கினால், நாம் போற்றும் மதச் சுதந்திரம் என்னாவது? நேர்மையான விடை. ஆனால் எதிர்த்தவர், ஆதரித்தவர் ஆகிய இரு திறத்தாருக்கும் முஸ்லிம் என்பவர் என்றோ வரக்கூடிய ஒரு கற்பனை மனிதராகவே இருந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளுள் முஸ்லிம்கள் ஏற்கெனவே அந்நாட்டில் வாழ்ந்தனர் என்பது அவ்விவாதத்தில் எழவே இல்லை.

உமர் இப்னு சயீத் அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர். இன்றைய செனகல் நாட்டின் ஃபூத்தா தோரோ பகுதியில், ஏறத்தாழ 1770இல் பிறந்தவர். இருபத்தைந்து ஆண்டுகள் மார்க்கக் கல்வி பயின்றவர். போரில் சிறைப்பட்டு, ஒன்றரை மாதம் கடலில் வந்து, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். ஆண்டு 1807. ஜெனரல் பிங்க்னி கேட்டுப் பெற்ற கூடுதல் எட்டாண்டுகளின் கடைசி ஆண்டு அது! 1800 என்ற பழைய வரம்பு நிலைத்திருந்து, அதன்பின் காங்கிரசும் தடை விதித்திருந்தால், சட்டத்தின் துணையோடு உமரை அங்கே இறக்கியிருக்க இயலாது. கொடிய எசமானனிடமிருந்து தப்பி வட கரோலினாவின் ஃபாயட்வில் ஊரை அடைந்த அவர், ஒரு தேவாலயத்துள் தொழுதபோது பிடிபட்டுப் பதினாறு நாட்கள் சிறையிலிருந்தார். பின்னர் ஜேம்ஸ் ஓவன் என்பாரின் உடைமையானார். 1820க்குப் பின் அவர் கிறிஸ்தவராக எண்ணப்பட்டார். உள்ளத்தால் மாறினாரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அடிமையாகவே இறந்தார். 13ஆம் திருத்தம் அவர் காலத்தில் வரவில்லை.

1831இல் அவர் தம் வரலாற்றை அரபியில் எழுதினார். அதன் தொடக்கத்தில் அவர் எழுதி வைத்தது திருமறையின் 67ஆம் அத்தியாயம், சூரத்துல் முல்க். ஆட்சி என்பதே அச்சொல்லின் பொருள். ஆட்சியனைத்தும் அல்லாஹ்வின் கையில் என்று அறிவிப்பது அவ்வத்தியாயம். பப்ளியசின் 85 கட்டுரைகளும் ஆட்சி எவர் கையில் இருத்தல் வேண்டும் என்பதையே ஆராய்ந்தன. அவர்கள் கணக்கில் ஐந்தில் மூன்றாக இருந்த ஒருவர் அதே வினாவுக்கு எழுதிய விடையாக அந்தச் சில பக்கங்களை நாம் வாசிக்கிறோம்.

நெடுங்காலம் காணாமற் போயிருந்த அக்கையெழுத்துப் படி 2017இல் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தை அடைந்தது. இளைஞர் ஜெஃபர்சன் 1765இல் விலை கொடுத்து வாங்கிய ஆங்கிலத் திருக்குர்ஆனும் அங்கேதான் இருக்கிறது. முதல் முஸ்லிம் காங்கிரஸ் உறுப்பினர் கீத் எல்லிசன் 2007இல் உறுதிமொழி நிகழ்ச்சியில் அதன்மீது கைவைத்து நின்றதை உலகமே பார்த்தது. உமரின் ஏடோ அதிகம் பேசப்படுவதில்லை. தம் வாழ்க்கையை எழுதித் தருமாறு கேட்டவரிடம், தம் மொழியிலும் அரபியிலும் பெரும்பகுதி மறந்து போயிற்று, பொறுத்தருள வேண்டும் என்று அதில் அவர் மன்னிப்புக் கோருகிறார்.