மணலைக் கழித்துப் பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பாறசாலையிலிருந்து உச்சக்கடை வழியாகப் பொழியூருக்குப் போவது எனக்குப் பல வருடப் பழக்கம். கடலுக்குப் போகாத நாள் அது. வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். வலை காயும் இடத்துக்கும் அலை வந்து தொடும் இடத்துக்கும் நடுவே மிஞ்சுகிற மணலில் பந்துகளி, அதாவது கால்பந்து, தொடங்கிவிடும். யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்க்க நான் போவதில்லை. அங்கே ஆடும் கல்லூரிப் பையன்களில் நாளை எவன் சம்பளத்துக்கு ஆடத் தகுந்தவன் என்று கணிக்கப் போகிறேன். பாட்டைக் கேட்டுக் குரலை மதிப்பிடுவது போல, நெசவை விரலில் தேய்த்து நூலின் தரம் சொல்வது போல, இதுவும் ஒரு கலை. நிறையப் பார்த்தால்தான் வரும். கொஞ்சம் அசந்தாலும் கைவிட்டுப் போகும்.

பொழியூரைக் கேரளத்தில் ‘சந்தோஷ் டிராபி கிராமம்’ என்பார்கள். மாநில அணிகள் மோதும் அந்தப் போட்டியின் இறுதியாட்டத்தில், 2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில், பயிற்சியாளர் சதீவன் பாலனின் கேரள அணி வங்காளத்தை அதன் சொந்த மண்ணிலேயே எதிர்கொண்டது. கூடுதல் நேரம் முடிந்தபோது 2-2. காப்பாளர் மிதுன் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். 4-2 என்று கேரளம் தன் ஆறாவது பட்டத்தை வென்றது. கேரளத்துக்காகப் பெனால்டியை வலைக்குள் அனுப்பிய நால்வரில் ஒருவர் பொழியூரின் சீசன். அந்த அணியில் இந்தக் கரையிலிருந்து அவர் மட்டும் இல்லை, லிஜோவும் இருந்தார்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன, பொழியூர் இருக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் பந்துக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. பொழியூர் மணலில் நடந்தால் நீரோடி வந்துவிடும். அப்புறம் வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று கரை நீள்கிறது. போட்டி எங்கே நடக்கிறதோ அங்கே இரண்டு பக்கத்துப் பையன்களும் நிற்பார்கள். வசவும் பாராட்டும் பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் விழும். தமிழகப் பக்கத்து இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த இடதுகால்காரர்தான் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணியில் தெரிய வந்து, ஜாம்ஷெட்பூருக்குப் போய், 2019-20 சீசனில் ஏடிகே அணியோடு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையைத் தொட்டவர்.

இந்தக் கரையில் ஆளைக் கணிக்க வருகிறவர் முதலில் மணலைக் கழிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கெண்டைக்கால் முறுக்கு, இடுப்பின் உறுதி, விழுந்த மறுகணம் எழுந்து நிற்கும் துடிப்பு எல்லாம் மணல் கொடுத்தவை. இங்கே ஓடி வளர்ந்த எவனிடமும் இருக்கும். அவற்றைப் பார்த்து மயங்கி மதிப்பெண் போட்டால், ஊருக்குப் போட வேண்டிய மதிப்பெண்ணை ஒருவனுக்குப் போட்டதாகிவிடும்.

மணல் மறைத்து வைப்பதும் உண்டு. மணலில் பந்து உருளாது, நாலடி போய் நின்றுவிடும். அதனால் பையன்கள் பந்தைத் தூக்கியே கொடுப்பார்கள், மார்பிலும் தொடையிலும் வாங்குவார்கள். புல்லிலோ டர்ஃபிலோ பந்து தரையோடு வழுக்கி வரும். மணலில் பழகிய கால் அதை அடக்க அரை நொடி பிந்தும். ஒரு முறை நானே பார்த்தேன். நூற்றுக்கணக்கான பையன்கள் வந்திருந்த ஒரு தேர்வு முகாம், ஆளுக்கு இருபது நிமிடம். கரையிலிருந்து போன ஒருவன் முதல் மூன்று பந்துகளைக் காலடியிலிருந்து தவறவிட்டான். தாளில் கோடு விழுந்துவிட்டது. கோடு போட்டவருக்கு அது மணலின் குறையா, பையனின் குறையா என்று பிரிக்க நேரமில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கழுத்தைப் பார்க்க வேண்டும். மணல் காலைத்தான் மாற்றும், கழுத்தை மாற்றாது.

இந்தக் கரையின் கடலோடிகளிடம் ‘கணிச்சம்’ என்றொரு வித்தை உண்டு. கடலுக்கடியில் மீன் கூடும் பார் இருக்கும் இடத்தைக் கருவியில்லாமல் கண்டுபிடிப்பார்கள். கரையில் தெரியும் ஒரு மலையையும் ஒரு கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவார்கள். இன்னொரு திசையில் இன்னொரு ஜோடியைப் பிடிப்பார்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தூண்டில் இறங்கும். நல்ல நடுக்கள ஆட்டக்காரன் பந்து வருவதற்கு முன்னால் செய்வதும் இதுதான். இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. தான் எங்கே நிற்கிறோம், யார் நெருங்குகிறார்கள், எந்த வாசல் திறந்திருக்கிறது என்பது பந்து காலைத் தொடுவதற்குள் முடிவாகிவிடும். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்களின் தலைத் திருப்பல்களைப் படம்பிடித்து எண்ணினார். பந்தை வாங்குமுன் அதிகம் திரும்பிப் பார்த்தவர்களில் ஃபிராங்க் லாம்பார்டு முன்னணியில் இருந்தார், நொடிக்கு 0.62 முறை. அதிகம் பார்த்தவர்களின் பாஸ்களே அதிகம் இலக்கை எட்டின.

இங்கே பல வருடமாகப் பையன்களைப் பழக்கும் ஒரு பெரியவர் பக்கவாட்டில் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “பந்து வாறதுக்கு முந்தி பாத்தியா மக்களே, வந்த பெறவு பாத்தியா?” பதில் சொல்லத் தேவையில்லை. கேள்வி விழுந்ததும் பையனின் கழுத்து தானே திரும்பும்.

இந்த வருடம் என் கண்ணில் நின்றவன் தூத்தூர்க் கரைப் பக்கத்திலிருந்து வரும் மெலிந்த கல்லூரி மாணவன். வேகத்தில் அவனை நாலு பேர் முந்துவார்கள். மணலில் பார்த்த ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். இடது பின்காவலிடமிருந்து பந்து அவனுக்கு வந்துகொண்டிருந்தது. அது பாதி தூரம் வருவதற்குள் அவன் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டான். பின்னால் ஒருவன் பாய்ந்து வருவது தெரிந்திருக்க வேண்டும். பந்தைத் தொடவே இல்லை. இடுப்பை மட்டும் திருப்பித் தன்னைக் கடந்து போகவிட்டான். வந்தவன் காற்றைப் பிடித்தான். இவன் அடுத்த அடியில் பந்தின் அடிவயிற்றில் பூவாக ஒரு தட்டு. தலைக்கு மேலே எழும்பிய பந்து, முன்னால் ஓடிய கூட்டாளியின் வலது காலுக்கு முன்னால் விழுந்தது. மணலில் வலது காலை ஊன்றி நின்று வாங்கியிருந்தால் அந்தக் கூட்டாளியின் வேகம் செத்திருக்கும். ஓட்டத்திலேயே அடிக்கும்படி விழுந்தது. எங்கே கொடுப்பது என்று தெரிந்தவர்கள் பலர். எந்தக் காலுக்கு, எந்தக் கனத்தில் கொடுப்பது என்று தெரிந்தவர்கள் குறைவு.

பந்தைக் கையால் எறியும் அமெரிக்கக் கால்பந்தில் இப்படி ஆட்டத்தை நடத்துகிறவனைக் குவார்ட்டர்பேக் என்கிறார்கள். கல்லூரி ஆட்டத்திலிருந்து அவனைத் தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் டிராஃப்ட் முறையில் முறைவைத்துப் பொறுக்கும். அதற்கு முன் ஓட்டம், தாவல், உயரம், கையின் அளவு எல்லாவற்றையும் அளந்து குறிப்பார்கள். 2000-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டாம் பிராடி நாற்பது கஜத்தை 5.28 நொடியில் ஓடினார். அந்த இடத்துக்கு அது மந்தம். அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள், அவர் பெயர் 199-வதாக வந்தது. பின்னால் ஏழு சூப்பர் பவுல் வென்றார். 1998-ல் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்ட ரயன் லீஃப், வலுவான கையும் நல்ல உடலும் இருந்தும் சில வருடங்களில் காணாமல் போனார். நம் ஐஎஸ்எல்லும் 2014-ல் 84 இந்திய வீரர்களோடு டிராஃப்ட் நடத்தியது. 2017-ல் மும்பையில் நடந்த டிராஃப்டில் 205 பேர் இருந்தார்கள், மலப்புறத்தின் அனஸ் எடத்தொடிகா 1.10 கோடி ரூபாய்க்கு முதல் ஆளாக எடுக்கப்பட்டார். எந்த நாட்டிலும் கடிகாரம் காலை அளக்கும். அவசரத்தில் மனம் எப்படி முடிவெடுக்கிறது என்பதை உட்கார்ந்து பார்க்கிற கண்தான் அளக்க வேண்டும்.

மனத்தை அளக்கும் நேரம் பிழைக்குப் பிறகு வரும். அந்தப் பையனைச் சென்ற மாதம் திருவனந்தபுரத்தில் ஒரு புல் மைதானத்தில் பார்த்தேன். நான் பயந்தபடியே நடந்தது. வழுக்கி வந்த முதல் பந்து அவன் காலைத் தாண்டிப் போயிற்று. எட்டாவது நிமிடத்தில் அவன் குறுக்கே கொடுத்த பாஸ் எதிராளியிடம் மாட்டி கோலானது. பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அவன் நிற்கும் இடத்தைப் பார்த்தேன். பயந்தவன் பந்து வராத இடமாகப் பார்த்துப் பின்வாங்குவான். இவன் நடுவட்டத்துக்கு வந்து, உள்ளங்கையை விரித்துப் பந்தைக் கேட்டான். அடுத்த பத்து நிமிடம் எல்லாப் பந்தையும் ஒரே தட்டில் திருப்பிக் கொடுத்தான், ஐந்து கஜம், ஆறு கஜம், அதற்கு மேல் இல்லை. புல்லின் வேகத்தைத் தன் பாதத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. இருபதாவது நிமிடத்தில் பந்து அவன் ஷூவில் ஒட்டியது. அத்தனை நேரமும் அந்தக் கழுத்து ஓயவேயில்லை. இருபது நிமிட முகாமாக இருந்தால் அவனையும் அனுப்பியிருப்பார்கள்.

இவ்வளவு பார்த்தும் எதிர்காலத்துக்கு உறுதி சொல்ல யாராலும் முடியாது. 2020 நவம்பரில் ஏடிகே மோகன் பகானுக்காக சீசனின் முதல் ஆட்டத்தில் இறங்கிய சூசைராஜ், முழங்கால் காயத்தோடு முதல் பாதியிலேயே வெளியே போனார். கணிப்பு சரியாக இருந்தும் உடம்பு கைவிடலாம். ஆனாலும் ஒருவனுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்து, ஊர் கொடுத்ததைக் கழித்து, அவனுடையதை அவனுக்கு எழுதுவது நம் கையில் இருக்கிறது.

போன ஞாயிறும் பொழியூர் போனேன். கடலரிப்பில் கரை முன்னைவிட உள்வாங்கிவிட்டது. கோல் கம்பங்களுக்கு நடுவே பழைய நீளம் இல்லை. இடம் குறுகியதால் பந்து இன்னும் சீக்கிரம் காலுக்கு வருகிறது, யோசிக்கக் கிடைக்கும் நேரமும் குறைந்திருக்கிறது. ஆடிக்கொண்டிருந்த சின்னப் பையன்களின் கழுத்துகள் முன்னைவிட வேகமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. இந்த ஆண்டு முதல் அதையும் கழித்துத்தான் நான் கணக்குப் பார்க்க வேண்டும்.