ஃபியூச்சுராவுக்குக் கட்டற்ற மாற்றுகள்: தமிழ்ப் பயன்பாட்டில் ஒரு மதிப்பீடு

ஃபியூச்சுரா, ஜெர்மானிய வடிவமைப்பாளர் பால் ரென்னர் உருவாக்கி, பிராங்க்ஃபர்ட்டின் பாவர் அச்செழுத்து வார்ப்பகம் 1927-ல் வெளியிட்ட எழுத்துரு. எழுத்தின் முனைகளில் சிறுகோடுகள் இல்லாத சான்ஸ் செரிஃப் வகையில், வட்டம், முக்கோணம், நேர்கோடு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட வடிவியல் எழுத்துருக்களுக்கு இது முன்மாதிரி. நிலவில் அப்போலோ 11 விட்டுவந்த பலகையில் உள்ள எழுத்து இதுவே. ஐக்கியா நிறுவனம் 2009 வரை இதன் ஒரு வடிவத்தைப் பயன்படுத்தியது. ஃபியூச்சுரா விலைக்கு விற்கப்படும் எழுத்துரு என்பதால் அதற்கு இணையான கட்டற்ற எழுத்துருக்களுக்குத் தேவை ஏற்பட்டது. ஆங்கிலத்தில் அத்தேவை பெருமளவு நிறைவேறிவிட்டது. ஆங்கிலமும் தமிழும் சேர்ந்து வரும் அச்சில் அது இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை.

இலவசம், கட்டற்றது

இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கும் எழுத்துருக்கள் எல்லாம் கட்டற்றவை அல்ல. பல எழுத்துருக்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம். கடைப் பெயர்ப்பலகை, விளம்பரம், விற்பனைச் சீட்டு ஆகியவற்றுக்கு உரிமம் வாங்க வேண்டும். கட்டற்ற எழுத்துருக்களில் பெரும்பாலானவை எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வருகின்றன. இவ்வுரிமம் வணிகப் பயன்பாடு, திருத்தம், பகிர்வு ஆகிய மூன்றையும் அனுமதிக்கிறது. எழுத்துருவை மட்டும் தனியே விற்கக்கூடாது, திருத்திய வடிவத்தையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்பவை இதன் முக்கிய நிபந்தனைகள்.

அமெரிக்கச் சட்டத்தில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை இல்லை. எழுத்துருக் கோப்பு மென்பொருளாகக் கருதப்பட்டுப் பாதுகாக்கப்படுகிறது, பெயருக்கு வணிகக்குறி உரிமை உண்டு. ஒரு புகழ்பெற்ற வடிவத்தைப் புதிதாக வரைந்து வேறு பெயரில் வெளியிடும் வழக்கம் இதனால் உருவானது.

ஆங்கில மாற்றுகள்

ஃபியூச்சுராவுக்கு மிக அருகில் வருவது ஓவன் ஏர்ல் வரைந்த 'ஜோஸ்ட்'. பாவர் வார்ப்பகத்தின் கலை இயக்குநராக இருந்த ஹைன்ரிஷ் ஜோஸ்டின் பெயரைக் கொண்டது. சிறிய எழுத்துகளின் உயரம் ஃபியூச்சுராவைவிடச் சற்றுக் கூடுதல் என்பதால் திரையில் வாசிக்க எளிது. 'லீக் ஸ்பார்டன்' முதலில் தடித்த வடிவில் மட்டும் வெளிவந்தது, தலைப்புகளுக்குப் பொருந்துவது. சாந்தியாகோ ஒரோஸ்கோவின் 'ஜோசஃபின் சான்ஸ்' 1920-களின் அலங்காரச் சாயல் கொண்டது, நீண்ட பத்திகளைத் தாங்காது. 1970-ல் ஹெர்ப் லூபலின், டாம் கார்னேஸ் ஆகியோர் உருவாக்கிய அவாண்ட் கார்ட் எழுத்துருவுக்கு 'யு.ஆர்.டபிள்யூ. காதிக்', அதிலிருந்து வளர்ந்த 'டெக் ஜைர் அட்வெண்டர்' ஆகியவை கட்டற்ற மாற்றுகள்.

இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது இந்தியன் டைப் ஃபவுண்டரியின் 'பாப்பின்ஸ்'. வடிவியல் எழுத்துருவை இந்திய எழுத்துமுறை ஒன்றுக்கு விரித்த முக்கியமான முயற்சி அது. ஆனால் பாப்பின்ஸில் ஆங்கிலமும் தேவநாகரியும் மட்டுமே உள்ளன, தமிழ் இல்லை. பாப்பின்ஸை வைத்து வடிவமைத்த பக்கத்தில் தமிழ்ச் சொல்லை இட்டால், கணினி தன்னிடமுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவை அங்கே வைக்கும். ஆங்கிலம் ஒரு குரலிலும் தமிழ் இன்னொரு குரலிலும் பேசும் விளம்பரங்கள் பெரும்பாலும் இப்படி உருவாகின்றன.

தமிழ் எழுத்தும் வட்டமும்

ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் எளிய கோடுகளால் ஆனவை. தமிழில் ட, ப, ம போன்ற எழுத்துகள் நேர்கோட்டுக்கு எளிதில் இடம்கொடுக்கும். ண, ஞ, ழ, இ, ஐ ஆகியவை அதே உயரத்துக்குள் பல வளைவுகளையும் சுழிகளையும் அடக்க வேண்டியவை. எல்லாக் கோடுகளையும் ஒரே தடிமனில் வரைந்து தடிமனைக் கூட்டிக்கொண்டே போனால் சுழிகளின் உள்வெளி அடைபடும். 'ண' மூன்று சுழி, 'ன' இரண்டு சுழி. சிறிய அளவில் அச்சிடும்போது இந்த வேறுபாடு முதலில் மறைகிறது. 'ர'-வின் கீழ்க் கோட்டை எளிமைக்காக வெட்டினால் அது துணைக்காலுடன் மயங்கும். மெய்யெழுத்தின் புள்ளி மெலிந்தால் 'க்' என்பது 'க' ஆகிவிடும்.

உகர, ஊகார வரிசைகளும் வடிவியலுக்குச் சவாலானவை. கு, டு, மு, து, சு ஆகிய ஒவ்வொன்றும் தனி வடிவம் கொண்டது. இவற்றை ஒரே சூத்திரத்தில் வரைய முடியாது. 1978-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னை, றா போன்றவற்றை ஒழுங்குபடுத்தியது. உகர வரிசையை அது தொடவில்லை.

ரென்னரின் அனுபவம் இங்கே பயனுள்ளது. அவருடைய தொடக்க வரைவில் 'ஆர்' என்னும் சிறிய எழுத்து, ஒரு கோடும் தனியே நிற்கும் ஒரு புள்ளியுமாக இருந்தது. அத்தகைய சோதனை வடிவங்கள் பின்னர் முதன்மைத் தொகுப்பிலிருந்து விலக்கப்பட்டன. ஃபியூச்சுராவின் 'ஓ' கூடத் துல்லியமான வட்டம் அல்ல. கோடுகள் சேரும் இடங்கள் மெலிக்கப்பட்டுள்ளன. கண்ணுக்கு வட்டமாகத் தெரிவதற்காகக் கணக்கைத் திருத்தியதே ஃபியூச்சுராவின் வெற்றி. தமிழ் எழுத்தைக் கவராயத்தால் வரைய முற்படுபவர்கள் ஃபியூச்சுராவின் தோற்றத்தைப் பின்பற்றுகிறார்கள், அதன் முறையைத் தவறவிடுகிறார்கள்.

தமிழில் கிடைப்பவை

ப்ரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த 'கட்டமரான்' ஒன்பது தடிமன்களில் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே தருகிறது. ஏறத்தாழ ஒரே தடிமனுள்ள கோடு, திறந்த வளைவு ஆகியவற்றால் தமிழில் ஃபியூச்சுராவின் இடத்துக்கு மிக அருகில் நிற்பது இதுவே. அதன் மெல்லிய, நடுத்தர வடிவங்கள் வாசிப்புக்கு ஏற்றவை. மிகத் தடித்த வடிவத்தைப் பெரிய தலைப்புகளுக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது.

'ஹிந்த் மதுரை' ஐந்து தடிமன்கள் கொண்டது, எக் டைப் குழுவின் 'முக்தா மலர்' ஏழு கொண்டது. இரண்டும் கையெழுத்தின் இயல்பைத் தக்கவைப்பவை. வடிவியல் அழகு இவற்றில் குறைவு, நீண்ட பத்திகளில் தெளிவு கூடுதல். இலங்கை வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸின் 'பவனம்' நேர்த்தியானது, ஆனால் ஒரே தடிமனில் மட்டுமே கிடைக்கிறது. எக் டைப்பின் 'அனேக் தமிழ்' தடிமனோடு அகலத்தையும் மாற்றக்கூடியது. கூகுளின் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' தனித்தன்மை குறைந்தது, நம்பகமானது.

பட்டு ஊர்களின் அச்சு

இந்தத் தேர்வு வெறும் ரசனை சார்ந்தது அல்ல என்பதைத் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, தேசூர் போன்ற பட்டு நெசவு ஊர்களின் தேவையை வைத்து விளக்கலாம். சேலைப்பெட்டி, விலைச்சீட்டு, பை, ரசீது, பலகை எல்லாவற்றிலும் இருமொழியும் வருகின்றன. கடைப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ஆங்கிலத்தில் 'சில்க்ஸ்' என்று முடியும் பெயர், தமிழில் 'பட்டு கைத்தறி நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி மற்றும் விற்பனைச் சங்கம்' என்று நீளும். அகன்ற வட்டங்கள் கொண்ட எழுத்துருவில் இதை ஒரு சிறிய சீட்டில் அடக்க முடியாது. எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவதே வழக்கமான தீர்வு. அப்போது நிற்கும் கோடுகள் மெலிந்து, படுத்த கோடுகள் தடித்து, எழுத்து சிதைகிறது. அகலம் குறைந்த வடிவத்தைத் தன்னிடத்திலேயே கொண்ட அனேக் தமிழ் இதற்குச் சரியான விடை.

இன்னொரு தடை குறியேற்றம். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிக்கோடையும் தேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்தது. ஆனால் பேஜ்மேக்கர், பழைய கோரல்டிரா பதிப்புகளை நம்பியிருக்கும் டிடிபி கடைகளில் யூனிக்கோடு எழுத்துரு ஒழுங்காக அமையாது. அவை பழைய குறியேற்ற எழுத்துருக்களிலேயே தொடர்கின்றன. அவ்வாறு அச்சுக்கோத்த சரக்குப் பட்டியலை இணையத்தில் இட்டால் தேடுபொறிக்குப் புரியாது. நெசவாளர் நேரடியாக இணையத்தில் விற்க முயலும்போது இது வருமானத்தைத் தொடும் சிக்கல். மேலே குறிப்பிட்ட கட்டற்ற தமிழ் எழுத்துருக்கள் அனைத்தும் யூனிக்கோடு முறையிலானவை.

மதிப்பீடு

ஃபியூச்சுராவுக்கு மாற்று தேடும் தமிழ்ப் பயனர் ஆங்கில எழுத்திலிருந்து தொடங்குவதே அடிப்படைக் குறை. ஜோஸ்டைத் தேர்ந்துவிட்டு அதற்குப் பொருந்தும் தமிழைத் தேடினால் கிடைப்பது சமரசம் மட்டுமே. தமிழை முதலில் தேர்ந்து, அதனுடன் வரைந்த ஆங்கிலத்தை ஏற்பதே ஒத்திசைவான வழி. தலைப்புக்குக் கட்டமரான், சிறு சீட்டுக்கு அனேக் தமிழ், நீண்ட வாசிப்புக்கு முக்தா மலர் என்பது இன்று செலவின்றிச் சாத்தியம். ஆனால், தமிழின் சுழிகளிலிருந்தே தன் வடிவியலைக் கண்டடைந்து, கண்ணுக்காகக் கணக்கைத் திருத்திய கட்டற்ற எழுத்துரு ஒன்று இன்னும் வரவில்லை. கட்டமரான் அதற்கான வலுவான தொடக்கம். அதன் உரிமமே அடுத்தவர் அங்கிருந்து தொடர அனுமதிக்கிறது.