அமைதியாக உறங்கினார்

'நோயாளி அமைதியாக உறங்கினார்.' செவிலியர் குறிப்பேட்டில் வழக்கமான வரி. சிரோசிஸ் முற்றிய ஒருவர் பகலெல்லாம் அப்படி உறங்கினால் அந்த 'அமைதி'யைச் சந்தேகிக்க வேண்டும். கல்லீரல் வெளியேற்றாமல் விட்ட அம்மோனியா மூளையைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம்.

இரவு விழிப்பு, கோணும் கையெழுத்து, நீட்டிய கையின் உதறல், இரண்டு நாள் மலச்சிக்கல். தனித்தனியே அற்பமான இவற்றைச் சேர்த்து வாசிப்பவர் செவிலியர். லாக்டுலோஸ் கொடுத்ததோடு அவர் வேலை முடிவதில்லை. நாளுக்கு இரண்டு மூன்று முறை மலம் இளகிப் போகவேண்டும். அளவு மீறினால் நீரும் பொட்டாசியமும் குறைந்து குழப்பம் கூடும். வயிற்றில் நீர் கோத்தவருக்கு எடை குறைவது நல்ல செய்தி. ஆனால் கால்வீக்கம் இல்லாதவருக்கு நீர் மாத்திரையால் நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. ஒரே எண் எப்போது ஆறுதல், எப்போது எச்சரிக்கை என்று பிரித்தறிவது சிந்தனை. நாம் அதைச் 'சேவை' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம்.

அப்படிச் சொல்வதற்கு வரலாறு உண்டு. 1955இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் தந்த வரையறையே நோயறிதலைச் செவிலியர் பணிக்கு வெளியே வைத்தது. 1973இல் செயின்ட் லூயிஸில் கூடிய செவிலியர் 'செவிலிய நோயறிதல்'களைப் பட்டியலிடத் தொடங்கினார்கள். நோயின் பெயரை மருத்துவர் சொல்லட்டும். அந்நோயால் இந்த உடல் படும் பாட்டுக்கு நாங்கள் பெயரிடுவோம் என்பது அதன் உட்பொருள். நம் நர்சிங் மாணவிகள் பராமரிப்புத் திட்டத்தில் நிரப்பும் அந்தக் கட்டம் இப்படிப் போராடிப் பெற்றது.

தமிழில் இத்தொழிலின் பெயர் அகப்பாடலின் செவிலியை நினைவூட்டுவது. தலைவியின் மெலிவைக் கூர்ந்து கவனிப்பவள் அவள். காரணம் சொல்ல அழைக்கப்படுபவனோ வேலன். அவன் முருகன் அணங்கியது என்பான். கவனிப்பு பெண்ணுக்கு, தீர்ப்பு ஆணுக்கு என்ற பங்கீடு பழையது. அந்தத் தீர்ப்பு பிழையானது என்பதையும் அப்பாடல்களே சொல்கின்றன.

ஆனால் போராடிப் பெற்ற திட்டத்துக்குள்ளும் ஒரு மௌனம் இருக்கிறது. 'குடும்பத்தினருக்கு உணவுமுறை கற்பிக்கப்பட்டது.' யார் அந்தக் குடும்பத்தினர்? பெரும்பாலும் மனைவி, அல்லது மகள். உப்பைக் குறைத்து, புரதத்தைக் குறைக்காமல் சமைப்பவள். படுக்கும்முன் சிற்றுணவு தருபவள். ஊறுகாய் இல்லையென்று தள்ளப்பட்ட தட்டை எடுத்துக் கழுவுபவள். மலம் போன தடவைகளை எண்ணுபவள். அவளுடைய கவனிப்பையும் திட்டம் 'சேவை'யாகவே எடுத்துக்கொள்கிறது, பெயரும் சொல்லாமல். நோயாளியே அவளென்றால்? அவளுக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைப்பவர் யார்?

மாணவிகளே, 'குடும்பத்தினர்' என்று எழுதுமுன் கேளுங்கள்: அவர் யார், எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், அவர் இல்லாத நேரத்தில் யார் பார்ப்பது? பதிலைத் திட்டத்தில் எழுதுங்கள். அதுவும் மதிப்பீடுதான்.