சாமைச் சோறு ஆறுவதற்குள்

சாமைச் சோற்றைச் சூடாகச் சாப்பிட வேண்டும். ஆறினால் வறண்டு தொண்டையில் நிற்கும். அப்புறம் 'இதில் என்ன ருசி' என்பீர்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, மிளகு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அங்கே திருப்புலி நாட்டுப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் சாமைச் சோறு சாப்பிடக் கூப்பிட்டால் தயங்காமல் உட்காருங்கள்.

சாமை சமைத்துப் போட்ட ஆயா (பாட்டி) வாழ்ந்து மறைந்த வீடுகளில் அவரைப் பற்றி விசாரித்தால், "வந்தவங்களைச் சாப்பிடாம அனுப்பாது" என்பார்கள். பேச்சு பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். ரசிக்க வந்தவர் அடுத்ததாக ஒன்று கேட்க வேண்டும்: அந்தச் சாமையைக் குத்தியது யார்?

கடுகளவு தானியம். உமி விடாப்பிடியாக ஒட்டியிருக்கும். குத்தி, முறத்தில் புடைத்து, ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்து, உமி தெரிந்தால் மறுபடி உரலில் போட வேண்டும். பிறகு தண்ணீரில் அலசி, பாத்திரத்தைச் சாய்த்துச் சாய்த்துக் கல் அரிக்க வேண்டும். மொத்தமாகக் குத்தி வைத்துக்கொள்ளலாமே என்றால், உமி போன சாமையில் தவிட்டு எண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடை அடித்துவிடும். ஆகவே எதிர்பாராமல் நாலு பேர் வந்து நின்றால் ஆயா அடுப்பிடம் போவதற்கு முன் உரலிடம் போனார். விருந்தாளி திண்ணையில் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் உலக்கை விழுந்துகொண்டிருந்தது.

இப்போது அரவை இயந்திரம் வந்துவிட்டது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்கிறது; ஊருக்குள் இயந்திரங்களைக் கொண்டுவந்ததும் அந்த வேலையின் ஒரு பகுதி. 'உரலில் குத்திய ருசி வருமா' என்று ஏங்குகிறவர்கள் பெரும்பாலும் உலக்கையைத் தொடாதவர்கள். ஆயாவின் தோள்வலியை ருசிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சேர்க்க வேண்டியது விதை. கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியசாமை, பெருஞ்சாமை என்று இந்த மலையில் சாமையிலேயே பல வகை. சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்காக மரவள்ளி பரவியபோது சாமைக் காடுகள் சுருங்கின. காசு மரவள்ளியில்தான் வந்தது. அதை நட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படியும் ஒரு மூலையில் கொஞ்சம் சாமை விதைத்து, அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்துவைத்த வீடுகளால்தான் இந்த வகைகள் தப்பின. விதை பொறுக்குவதும் காப்பதும் பெரும்பாலும் பெண்கள் வேலை. எந்தக் குதிரில் எது இருக்கிறது என்று ஆயாவுக்குத்தான் தெரியும். உங்கள் தட்டில் விழுவது என்ன சாமை என்று பெயர் கேட்டுச் சாப்பிடுங்கள்.

புகழ்வதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி, காட்டில் எதிர்ப்பட்ட பாணர்களுக்குத் தான் வேட்டையாடிய மான் இறைச்சியைக் கொடுத்ததையும், அவர்கள் புகழ்ந்தபோது நாணியதையும் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். வள்ளலுக்கே அப்படியென்றால் ஆயா எம்மாத்திரம்? 'பிரமாதம்' என்று முகத்துக்கு நேரே சொன்னால் "என்னத்தைப் பெருசா செஞ்சுட்டேன்" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். இன்னும் ஒரு கை வாங்கிச் சாப்பிடுவதுதான் அவருக்குப் புரிகிற பாராட்டு.

ஆயா போன பிறகு, அவருடைய நினைவு நாள் படையலுக்குக் கடையில் பொன்னி அரிசி வாங்கி வருகிறவர்கள் உண்டு. அவர் ஆயுசெல்லாம் சமைத்தது சாமை, அதையே படைக்கலாமே. பளபளவென்று வெளுத்த சாமையை விட்டுவிட்டு, பழுப்பேறியதாக, சிக்கு வாடை இல்லாததாகப் பார்த்துக் கொஞ்சமாக வாங்குங்கள். கல் அரித்து ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டு வேகவையுங்கள். மொச்சைக் குழம்பு போதும். படைத்ததும் சூடு போவதற்குள் எல்லோரையும் உட்காரவைத்துப் பரிமாறிவிடுங்கள். வாசலில் யாராவது நின்றால் அவர்களையும் சேர்த்து.