இசைத்தட்டும் தனிப்பெயரும்: ‘ஸ்மித்ஸ்’ குழுவை முன்வைத்துச் சில விமர்சனக் குறிப்புகள்

1

கலைப்படைப்பொன்று யாருக்குரியது என்ற வினாவுக்கு விமர்சகர்கள் பொதுவாக இலகுவான விடையொன்றை வைத்திருக்கின்றனர். முகப்பில் எவரது பெயர் உளதோ அவருக்கே அது உரியது என்பதே அவ்விடை. கவிதை, நாவல் ஆகியவற்றைப் பொறுத்தவரை இது ஓரளவு பொருந்தலாம். ஆனால், பலர் கூடி ஆக்கும் கலைகளை ஆராயும்போது இவ்விடை நம்மைத் தவறான வழியிற் செலுத்திவிடுகின்றது. கூட்டுழைப்பின் விளைவாகிய ஆக்கம், சந்தையைச் சென்றடையும்போது தனியொருவரது மேதைமையின் வெளிப்பாடாக உருமாறிவிடுகின்றது. இவ்வுருமாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது, இரசிகர் அதனை எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பவற்றை மாற்று றொக் இசையின் வரலாற்றிலிருந்து ஓர் உதாரணத்தைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாற்று றொக் இசையின் இரசிகர்களிடையே ஓயாது விவாதிக்கப்படும் விடயங்கள் இரண்டு. ஒன்று, இசைத்தட்டுச் சேகரிப்பு. மற்றது, குழுவிலிருந்து பிரிந்தோரின் தனிப்பயணம். பிரிந்தபின் யார் சிறந்தார், யார் தேய்ந்தார், குழுவின் உயிர் எவரிடத்து இருந்தது என்றவாறு இரண்டாவது விவாதம் நீளும். இவ்விரண்டும் தொடர்பற்றவை போலவே பேசப்படுகின்றன. இவை ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள் என்பது நமது கருத்து. 1982 தொடக்கம் 1987 வரை இயங்கிய மன்செஸ்டர் நகரத்து ‘ஸ்மித்ஸ்’ குழுவின் வரலாறு இதனைத் துலக்கமாகக் காட்டுகின்றது. பாடகர் மொறிஸி, கிற்றார்க் கலைஞர் ஜொனி மார், பேஸ் கிற்றார் வாசித்த அன்டி றூர்க், டிறம்ஸ் வாசித்த மைக் ஜொய்ஸ் ஆகிய நால்வருமே இக்குழுவினர்.

2

‘மாற்று’ என்ற அடைமொழி பற்றி முதலில் ஒரு விளக்கம் அவசியமாகின்றது. இன்று இது ஒரு வகை ஓசையைச் சுட்டுவதாகவே கருதப்படுகின்றது. தொடக்கத்தில் நிலைமை அவ்வாறிருக்கவில்லை. பிரித்தானியாவில் 1980 ஜனவரியிற் சுயாதீன இசைத்தட்டுகளுக்கெனத் தனியான விற்பனைப் பட்டியல் வெளிவரத் தொடங்கியபோது, அதில் இடம்பெறுவதற்கான தகுதி இசையின் பாணியன்று, விநியோக முறையேயாகும். பெருங் கம்பனிகளின் விநியோக வலையமைப்புக்கு வெளியே நின்று கடையைச் சென்றடையும் தட்டு எதுவோ அதுவே சுயாதீனத் தட்டு. எனவே, ‘மாற்று’ என்பது அழகியற் சொல்லாக வழங்குமுன்னர் அதன் அடியிற் பொருளாதார வேறுபாடொன்று இருந்தது எனலாம்.

இவ்வமைப்பின் மையங்களுள் ஒன்றே ‘றஃப் ட்ரேட்’. 1976இல் ஜெவ் ட்ராவிஸ் இலண்டனில் ஆரம்பித்த இந்த இசைத்தட்டுக் கடை, 1978இல் வெளியீட்டு நிறுவனமாகவும் விரிவடைந்தது. ஸ்மித்ஸ் குழுவின் முதலாவது தட்டு 1983 மே மாதத்தில் இந்நிறுவனத்தாலேயே வெளியிடப்பட்டது. மார்கிரட் தச்சர் 1979இல் ஆட்சிக்கு வந்தபின்னர் வேலையற்றோர் தொகை 1982இல் முப்பது இலட்சத்தைத் தாண்டியிருந்தது. வட இங்கிலாந்தின் கைத்தொழில் நகரங்கள் தளர்ச்சியுற்றிருந்த அக்காலத்தில், வேலையற்ற இளைஞனின் அலுப்பையும், மன்செஸ்டர்ப் பாடசாலைகளில் நிலவிய அடிதண்டத்தையும், காதற் தோல்வியின் நகைப்புக்கிடமான துயரத்தையும் இக்குழுவினர் பாடுபொருளாக்கினர். 1984 தொடக்கம் 1987 வரை நான்கு ஸ்ரூடியோத் தொகுப்புகளை அவர்கள் வெளியிட்டனர்.

சுயாதீன நிறுவனமாயினும் அதன் ஒப்பந்தம் வழக்கமான ஒப்பந்தமாகவே இருந்தது. றஃப் ட்ரேட்டுடனான ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டோர் மொறிஸியும் மாரும் மட்டுமே. பாடல்களின் ஆக்கவுரிமையும் அவ்விருவர் பெயரிலேயே பதிவாயிற்று. மேடையில் நால்வராயிருந்தவர்கள் தாளில் இருவராயினர். பிற்காலப் பிணக்குகளின் வித்து இங்கேயே இடப்பட்டுவிட்டது.

3

சேகரிப்பு என்பது முற்போக்கு விமர்சகர்களிடையே நற்பெயர் பெற்ற ஒன்றன்று. பண்டத்தின் பின்னாலுள்ள மனித உழைப்பு மறைந்து, பண்டமே தனக்கென ஒரு மாயச் சக்தி உடையதுபோலத் தோற்றும் நிலையை மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் விளக்கியுள்ளார். இசைத்தட்டுச் சேகரிப்பை இதற்கு உதாரணமாகக் காட்டுதல் எளிது. ஸ்மித்ஸ் குழுவின் மூன்றாவது தனித்தட்டு 1984 ஜனவரியில் வெளிவந்தபோது, அதன் உறையிற் தமது படம் இடம்பெறுவதற்கு நடிகர் ரெறன்ஸ் ஸ்ராம்ப் முதலில் இணங்கவில்லை. ஆகவே, அதேபோன்ற தோற்றத்திற் பாற்குவளை ஏந்தி நிற்கும் மொறிஸியின் படத்துடன் ஒரு பதிப்பு வெளியாயிற்று. பின்னர் நடிகர் இணங்கவே முந்தைய உறை மீண்டும் வந்தது. பாற்குவளைப் பதிப்பைச் சேகரிப்போர் தேடித் திரிகின்றனர். உள்ளிருக்கும் இசை இரண்டிலும் ஒன்றே. இங்கு விலையை நிர்ணயிப்பது இசையன்று, அருமையே.

இக்குற்றச்சாட்டு நியாயமானது. ஆயினும் அது முழுமையானதன்று. வால்ற்றர் பென்ஜமின் தமது நூற்றொகுதியைப் பெட்டிகளிலிருந்து வெளியே எடுக்கும் வேளையை வைத்து 1931இல் எழுதிய கட்டுரையில், பொருளின் பயனைக் காட்டிலும் அது கடந்துவந்த வரலாறே சேகரிப்போனை ஈர்க்கின்றது எனக் காட்டியுள்ளார். இசைத்தட்டைச் சேகரிப்போர் உறையை வாசிப்பவர்கள். யார் வாசித்தார், யார் ஒலிப்பதிவு செய்தார், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என ஆராய்பவர்கள். இப்பழக்கம் உழைப்பை மறைப்பதற்கு மாறாக அதனை வெளிக்கொணரவும் வல்லது.

உதாரணங்கள் சில தரலாம். குழுவின் மிகப் புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்றாகிய ‘ஹவ் சூன் இஸ் நவ்’ 1984 ஓகஸ்டில் வேறொரு பாடலின் பன்னிரண்டு அங்குலத் தட்டில், இரண்டாம் பக்கத்தின் மேலதிகப் பாடலாகவே முதலில் வெளிவந்தது. அதன் அதிர்ந்து நடுங்கும் கிற்றார் ஓசை, மாரும் தயாரிப்பாளர் ஜோன் போட்டரும் ஒலிப்பதிவுக் கூடத்திற் சேர்ந்து உருவாக்கியது. 1985இன் ‘மீற் இஸ் மேடர்’ தொகுப்பில் ஏழு நிமிடம் நீளும் ‘பாபரிசம் பிகின்ஸ் அற் ஹோம்’ பாடலைத் தாங்கிச் செல்வது றூர்க்கின் பேஸ் வாசிப்பேயாகும். ஆக்கியோர் பெயரிலோ றூர்க் இல்லை. 1986இன் ‘த குவீன் இஸ் டெட்’ உறையில் நரம்பிசைக் குழுவொன்றின் பெயர் காணப்படுகின்றது. அப்படியொரு குழு இருந்ததேயில்லை. மின்னணுக் கருவியில் எழுப்பப்பட்ட ஓசைக்கு வேடிக்கையாக இடப்பட்ட பெயர் அது. உறையில் உள்ளவர் இல்லாதவராகவும், உறையில் இல்லாதவர் உள்ளவராகவும் இருக்கக்கூடும் என்பதை இத்தட்டுகளை ஒப்புநோக்கும் சேகரிப்போர் கற்றுக்கொள்கின்றனர். இது சிறந்ததொரு மூலபாடப் பயிற்சி எனலாம்.

4

1987இல் மார் குழுவை விட்டு நீங்கினார். பதிலாக வேறொருவரைச் சேர்க்க எடுத்த முயற்சி கைகூடாமையாற் குழு முடிவுற்றது. 1988 மார்ச்சில் மொறிஸியின் முதலாவது தனித்தொகுப்பாகிய ‘விவா ஹேற்’ வெளிவந்து பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இம்முறை வெளியிட்டது சுயாதீன நிறுவனமன்று, இ.எம்.ஐ. என்னும் பெருங் கம்பனியின் கிளையாகிய எச்.எம்.வி.

இங்கு உறைகளை அடுக்கிவைத்து நோக்கல் வேண்டும். ஸ்மித்ஸ் குழுவின் நான்கு ஸ்ரூடியோத் தொகுப்புகளில் எதன் முகப்பிலும் குழுவினர் படம் இல்லை. திரைப்பட நடிகர்கள், வியற்நாம் போரில் நின்ற படைவீரன் என வேற்று முகங்களே அங்குள்ளன. ‘விவா ஹேற்’ உறையிலோ மொறிஸியின் முகமே நிறைந்துள்ளது. குழு தன்னைப் பின்நிறுத்தியது. தனிக்கலைஞரை முன்நிறுத்தியது சந்தை. ஆயின் அத்தொகுப்பேனும் தனியொருவரின் ஆக்கமா? இசையை அமைத்தவர் முன்பு ஸ்மித்ஸ் குழுவின் ஒலிப்பதிவாளராகப் பணியாற்றிய ஸ்டீவன் ஸ்ட்றீற். கிற்றார் வாசித்தவர் ‘டுருட்டி கொலம்’ குழுவின் வினி றைலி. கூட்டுழைப்பு மறைந்துவிடவில்லை. அதன் பெயரே மறைந்தது. 

1988 டிசம்பரில் வுல்வர்ஹம்ரன் நகரில் மொறிஸி நடத்திய முதலாவது தனிக் கச்சேரி இம்முரண்பாட்டின் உச்சம். ஸ்மித்ஸ் அல்லது மொறிஸி பெயர் பொறித்த மேற்சட்டை அணிந்து வந்தோருக்கு அனுமதி இலவசம். மேடையில் அவருக்குப் பின்னால் நின்றோர் றூர்க், ஜொய்ஸ், ஒரு காலம் குழுவில் இரண்டாவது கிற்றார் வாசித்த கிரெய்க் கனன் ஆகியோர். பங்காளிகளாக இருந்தவர்கள் ஈராண்டுக்குள் பக்கவாத்தியக்காரராயினர்.

மாரின் பயணம் வேறு திசையிற் சென்றது. ‘த த’, ‘எலெக்ற்றொனிக்’, ‘மொடஸ்ற் மவுஸ்’, ‘கிறிப்ஸ்’ என ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குச் சென்று உழைத்த அவர், தமது பெயரை மட்டும் தாங்கிய முதற் தொகுப்பை 2013இலேயே வெளியிட்டார். இவ்விரு பாதைகளில் எது ‘வெற்றி’ என இரசிகர் விவாதிப்பர். அவ்வினாவையே நாம் ஐயுறுகின்றோம். தனிப்பெயரே அளவுகோலாக இருக்கும்வரை குழுவாக உழைத்தல் என்பது வளர்ச்சிக்கு முந்திய ஒரு படிநிலையாகவே காணப்படும்.

5

இரசிகர்கள் தீர்க்க முடியாத பிரச்சினையை 1996 டிசம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்க்க நேர்ந்தது. ஒலிப்பதிவிலும் மேடை நிகழ்ச்சிகளிலும் கிடைத்த வருவாயில் மொறிஸியும் மாரும் நாற்பது வீதம் வீதமும், றூர்க்கும் ஜொய்ஸும் பத்து வீதம் வீதமும் பெற்றுவந்தனர். பாடலாக்கத்துக்கான உரிமைப்பணம் இதிற் சேராது. அது வழக்குக்குரிய விடயமாகவும் இருக்கவில்லை. பணமுடை காரணமாக றூர்க் 1989இல் 83,000 பவுணையும் தொடர்ந்து பத்து வீதத்தையும் ஏற்று இணக்கத்துக்கு வந்துவிட்டார். ஜொய்ஸ் மட்டும் வழக்கைத் தொடர்ந்தார். வேறு உடன்பாடு நிரூபிக்கப்படாதவிடத்துப் பங்காளிகள் இலாபத்திற் சமபங்குக்கு உரியோர் என்பது 1890ஆம் ஆண்டின் பங்குடைமைச் சட்டம். அதற்கமைய ஜொய்ஸுக்கு இருபத்தைந்து வீதம் உரியது எனத் தீர்ப்பாயிற்று. ஏறத்தாழப் பத்து இலட்சம் பவுண் அவருக்கு உரித்தாயிற்று. மொறிஸியின் மேன்முறையீடு 1998இல் நிராகரிக்கப்பட்டது.

நால்வரும் சமமாகப் படைத்தனர் என இத்தீர்ப்புக் கூறவில்லை என்பதை வலியுறுத்தல் அவசியம். அழகியல் மதிப்பீடு நீதிமன்றத்தின் பணியன்று. மொறிஸியின் சொற்களும் மாரின் மெட்டுகளும் இன்றி அக்குழு இல்லை என்பதை எவரும் மறுக்கார். ஆயினும், ஒலிக்கும் தட்டு என்பது எழுதப்பட்ட பாடலன்று. நால்வர் ஓர் அறையில் நின்று உழைத்ததன் விளைவு. விமர்சகர் காணத் தவறியதை நூறாண்டு பழைய வணிகச் சட்டமொன்று கண்டது என்பது நமக்குச் சற்று வெட்கந் தரும் உண்மையே.

6

இவ்விடயம் பங்குப்பணம் பற்றியது மட்டுமாயின் நாம் இதனை இத்துணை விரிவாக ஆராய வேண்டியதில்லை. 1988இன் தனித்தொகுப்பில் இடம்பெற்ற, வங்காளியொருவரை விளித்துப் பாடும் பாடல் தென்னாசியக் குடியேறியோரை அந்நியராகவே பார்க்கின்றது என்ற கண்டனம் அக்காலத்திலேயே எழுந்தது. 2018இல், இஸ்லாத்துக்கு எதிரான தீவிர வலதுசாரிக் கட்சியாகிய ‘ஃபோர் பிரிட்டன்’ கட்சிக்கு மொறிஸி வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். தாம் இனவாதியல்லர் என்பது அவரது கூற்று. 2019இல், 1894இல் ஆரம்பிக்கப்பட்டதும் உலகின் மிகப் பழைய இசைத்தட்டுக் கடையெனப் பெயர்பெற்றதுமான காடிவ் நகரத்து ‘ஸ்பில்லர்ஸ்’, அவரது தட்டுகளை இனி விற்பதில்லை எனத் தீர்மானித்தது.

ஒடுக்கப்பட்டோரின் துணையாக அப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த இரசிகர், குறிப்பாகக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், தம் வீட்டுத் தட்டுகளை என்செய்வது? ‘கலைஞன் வேறு, கலை வேறு’ என்போர் ஒரு சாரார். தட்டுகளை ஒதுக்கிவிடுக என்போர் மறுசாரார். இரு சாராரும் ஒரே எடுகோளிலிருந்தே புறப்படுகின்றனர்: அத்தட்டுகள் மொறிஸிக்கே உரியவை என்பதே அது. இவ்வெடுகோள் தவறானது. 2023 மே மாதத்தில் றூர்க் காலமானபோது, எத்தனையோ பேர் அப்பாடல்களின் அடியில் ஓடிய பேஸ் ஓசையை முதன்முறையாகக் கூர்ந்து கேட்டிருப்பர். அவ்வோசை எந்தக் கட்சிக்கும் உரியதன்று. பாடகரின் கருத்தை மன்னிக்க வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. ஆயின், ஏனையோரின் உழைப்பையும் சேர்த்து அவரிடமே ஒப்படைத்துவிடல் நீதியன்று.

7

இனிச் சந்தையின் இன்றைய நிலையையும் குறிப்பிடல் வேண்டும். றஃப் ட்ரேட் அமைப்பு 1991இல் நிதி நெருக்கடியால் வீழ்ந்தது. 1992இல் ஸ்மித்ஸ் ஒலிப்பதிவுகள் வோர்னர் கம்பனியின் கைக்கு மாறின. அவ்வாண்டிலேயே இரு தெரிவுத் தொகுப்புகள் வந்தன; 1995, 2001, 2008 ஆகிய ஆண்டுகளில் மேலும் தொகுப்புகள்; 2011இல் எட்டுத் தட்டுகள் அடங்கிய பேழை. இறந்த கலைஞனின் பாடல்களைப் புதிய உறையிலிட்டு மீண்டும் மீண்டும் விற்கும் கம்பனியை எள்ளிநகையாடும் பாடலொன்றை இக்குழுவினரே 1987இற் பாடியிருந்தனர் என்பது வரலாற்றின் கேலி. அமெரிக்காவில் 2022இல் வினைல் தட்டுகளின் விற்பனை எண்ணிக்கை குறுந்தட்டுகளை விஞ்சியது. பெருங் கம்பனிகளுக்கு வெளியே நின்ற இசையின் அடையாளமாயிருந்த தட்டு, இன்று அக்கம்பனிகளின் இலாபப் பண்டமாகியுள்ளது.

இதனால் இசைத்தட்டுச் சேகரிப்பைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. எதற்காகச் சேகரிக்கின்றோம் என்பதே கேள்வி. அருமையைச் சேகரிப்போர் சந்தைக்குத் துணைபோகின்றனர். பெயர்களைச் சேகரிப்போர், அதாவது உறையின் பின்புறத்துச் சிற்றெழுத்துகளை வாசித்து, அங்கு விடுபட்ட பெயர்களையும் தேடிச் செல்வோர், மறைக்கப்பட்ட உழைப்பின் வரலாற்றை எழுதத் துணைபுரிகின்றனர். மாற்று இசை என்ற பெயருக்கு இன்று எஞ்சியுள்ள பொருள் இதுவே என்பது நமது துணிபு. தட்டின் முகப்பிலுள்ள முகத்தைப் பார்ப்பது இரசனையின் தொடக்கம். அதனைத் திருப்பிப் பார்ப்பதே விமர்சனத்தின் தொடக்கமாகும்.