சீட்டில் விழுந்த வசனம்

ஜெர்மனியின் சாக்சனியில் ஹெர்ன்ஹூட் என்றொரு சிற்றூர். 1728 மே மாதம், அங்கே கூடியிருந்த மொராவிய சபைக் கிறிஸ்தவர்களிடம் அவர்களின் தலைவர் சின்செண்டார்ப் பிரபு மறுநாளுக்கென்று ஒரு வாசகத்தைச் சொன்னார். அதுவே வழக்கமாயிற்று, காலையில் வீடு வீடாகப் போய் அன்றைய வாசகத்தைச் சொல்வார்கள். 1731இல் அது அச்சுப் புத்தகமானது. இன்னும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது.

கைக்கடக்கமான புத்தகம். நாளுக்கு ஒரு பழைய ஏற்பாட்டு வசனம், அதற்கு இசைந்த புதிய ஏற்பாட்டு வசனம், அடியில் ஒரு பாட்டின் சில வரிகளோ ஜெபமோ. விளக்கவுரை கிடையாது, எனக்குப் பிடித்ததே அதுதான். முதல் வசனத்தை ஹெர்ன்ஹூட்டில் சில ஆண்டுகள் முன்கூட்டியே சீட்டுப்போட்டு எடுத்துவிடுகிறார்கள். போதகரின் விருப்பு வெறுப்புக்கு அதில் இடமில்லை. கல்யாண நாளில் கண்டிப்பு வரும், துக்க வீட்டில் துதி வரும். (ஆறுதல் வசனங்களை மட்டும் பொறுக்கிப் போடும் காலண்டர்களில் இந்தக் காரம் ஏது?) இது குறி பார்ப்பது போலில்லையா என்று கேட்கலாம். குறி கேட்பவர் பதிலோடு எழுந்து போய்விடுவார். இங்கே வசனத்தோடு நாள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டும்.

நாஜிகளை எதிர்த்த ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் பான்ஹோஃபர் இந்தப் புத்தகத்தோடு வாழ்ந்தவர். 1939 ஜூனில் நியூயார்க்கில் பத்திரமாக இருந்தும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. ஊர் திரும்ப முடிவெடுத்தார். குளிர்காலத்துக்குமுன் வந்துவிடும்படி தீமோத்தேயுவைப் பவுல் அழைக்கும் இடம் அப்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. அதைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டார். ஜூலையில் கப்பலேறினார். போர் தொடங்க இரண்டு மாதம்கூட இல்லை.